பழைய மதர்போர்டில் எதைக் கழற்றுவது, எதைத் தொடாமல் விடுவது

பழைய கொம்பியூட்டரின் மதர்போர்ட் (தாய்ப் பலகை), பவர் சப்ளை, ராம் (நினைவகத் துண்டு), மோடம் எல்லாவற்றையும் ஒரே உரச்சாக்கில் அள்ளிக்கொண்டு பழைய இரும்புக் கடைக்குப் போனால், கடைக்காரர் சாக்கின் வாயைத் திறந்து, மேலே கிடக்கும் மட்டமான சாமானைப் பார்த்துத்தான் விலை சொல்வார். அவரைக் குறை சொல்ல முடியாது. கொட்டிப் பிரிக்கும் வேலை அவருடைய ஆட்களின் தலையில் விழுகிறது. அந்தக் கூலியையும், உள்ளே என்ன கிடக்கிறதோ என்ற சந்தேகத்தையும் சேர்த்தே விலையில் வெட்டுகிறார். பிரித்துக் கொண்டுபோகிறவருக்கு அந்த வெட்டு விழாது.

கொழும்பில் கிராண்ட்பாஸ், மாளிகாவத்தை, பஞ்சிகாவத்தைப் பக்கம் பழைய சாமான் எடுப்பவர்கள், புறக்கோட்டையிலும் பம்பலப்பிட்டியிலும் கொம்பியூட்டர் திருத்தும் கடைகளில் வேலை செய்பவர்கள், கந்தோர் கழிவுகளை மொத்தமாக எடுப்பவர்கள் ஆகியோருக்காக இந்தக் குறிப்பு. வாரத்துக்கு 10, 20 கிலோ போர்ட் (மின்சுற்றுப் பலகை) கையில் சேர்ந்தால் போதும், கீழே சொல்வது பொருந்தும். தங்கத்தை உருக்கி எடுப்பது எப்படி என்று இதில் தேட வேண்டாம். அதை ஏன் வீட்டில் தொடக் கூடாது என்பதைப் பின்னால் சொல்லியிருக்கிறோம்.

முதலில் ஓடுமா என்று பாருங்கள்

கிலோக்கணக்கில் போவதற்கு முன் ஒவ்வொன்றையும் ஒரு தரம் சோதித்தால் வரும் காசு, எந்த உலோகத்திலும் வராது. டெஸ்க்டொப் ராம் ஒன்று சுமார் 15 முதல் 20 கிராம். அதாவது ஒரு கிலோவுக்கு 50, 60 துண்டுகள் வேண்டும். வேலை செய்யும் டிடிஆர்3, டிடிஆர்4 ராம் ஒன்றைத் திருத்தும் கடையில் கொடுத்தால் கிடைக்கும் தொகை, அதே துண்டைக் கழிவாக நிறுத்துக் கிடைப்பதைப் போல் பல மடங்கு. இன்டெல்லின் கோர் ஐ வகைப் பிராசஸர் (கணிக்கும் சில்லு), எஸ்எஸ்டி (தட்டில்லாத சேமிப்பகம்), லெப்டொப் சார்ஜர், கிராபிக்ஸ் கார்ட் எல்லாம் அப்படித்தான். சோதிக்க ஓடும் மதர்போர்ட் ஒன்றை மேசையில் நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள். ராமின் தொடுமுனை கறுத்திருந்தால் வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். "பழுது" என்று வரும் ராம் சில அதிலேயே உயிர்பெறும்.

ஹார்ட் டிஸ்க்கை அப்படியே விற்க வேண்டாம். ஊர் பேர் தெரியாத ஒருவருடைய அடையாள அட்டைப் படமும் வங்கிக் கணக்கு விவரமும் அதில் இருக்கும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நாட்டில் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இது செய்ய வேண்டிய காரியம். ஓடும் டிஸ்க் என்றால் முழுவதும் மேலெழுதி அழியுங்கள். ஓடாதது என்றால் திறந்து தட்டுகளை வளையுங்கள், அல்லது துளையிடுங்கள். லெப்டொப்பின் இரண்டரை அங்குல டிஸ்க்கில் தட்டு பெரும்பாலும் கண்ணாடியாக இருக்கும், வளைத்தால் தெறிக்கும். துணியில் சுற்றி, கண்ணுக்குக் கவசம் போட்டுக்கொண்டு உடையுங்கள். திறந்த டிஸ்க்கில் அலுமினிய உடல், சிறிய பச்சைப் போர்ட், இரண்டு வலுவான காந்தங்கள் என்று மூன்று தனிச் சாமான் கிடைக்கும். அந்தக் காந்தத்தில் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இந்த வேலை முழுக்க அது தேவை.

தேவையான கருவிகள்

நட்சத்திர முனைத் திருப்புளி 2ஆம் இலக்கம், தட்டை முனைத் திருப்புளி, சைட் கட்டர், தகரம் வெட்டும் கத்திரி, 25 மில்லிமீற்றர் அகல உளி, சுத்தியல், 1 கிராம் வரை காட்டும் தராசு, மூடியுள்ள பிளாஸ்டிக் வாளிகள் ஏழெட்டு. கண்ணுக்குக் கவசம், தடித்த கையுறை, தூசி வடிக்கும் முகக்கவசம் மூன்றும் கட்டாயம். போர்டை வெட்டும்போது பறப்பது கண்ணாடி நார்த் தூள், தோலில் பட்டால் நாள் முழுக்க அரிக்கும்.

பவர் சப்ளை

இதில்தான் உயிராபத்து. எமது 230 வோல்ட் மின்சாரம் உள்ளே நேர்மின்னாக மாறும்போது சுமார் 325 வோல்ட்டாகப் பெரிய கபாசிட்டர்களில் (மின்னைச் சேமித்து வைக்கும் உறுப்புகளில்) தங்கும். சில வகைகளில் 380 வோல்ட் அளவுக்கும் போகும். வயரைப் பிடுங்கிய பிறகும் அது உள்ளே இருக்கும். திறக்க வேண்டியிருந்தால் வயரைக் கழற்றி ஒரு மணித்தியாலமாவது விடுங்கள். பிறகு பழைய மஞ்சள் வெளிச்ச 40 வாட் குமிழ் ஒன்றின் இரண்டு வயரையும் கபாசிட்டரின் இரண்டு கால்களிலும் சில வினாடிகள் வையுங்கள். குமிழ் மின்னினால் உள்ளே மின் இருந்தது, மின்னி அணைந்தால் இறங்கிவிட்டது. எல்ஈடி குமிழ் இதற்கு உதவாது. திருப்புளியால் குறுக்கே தொடுவது சிலருக்குப் பழக்கம். தீப்பொறி பறந்து கண்ணில் அடிக்கும், திருப்புளியின் முனையும் உருகும்.

உள்ளே இருப்பது மண்ணிறப் போர்ட், எல்லாவற்றிலும் விலை குறைந்தது. வயரில் செம்பு, அலுமினியத் துடுப்பு இரண்டு, டிரான்ஸ்போர்மரிலும் சுருள்களிலும் இன்னும் கொஞ்சம் செம்பு. நேரம் கையில் மிச்சமாக இருந்தால் பிரிக்கலாம். இல்லாவிட்டால் வயரை அடியோடு வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை முழுதாக விற்பதே எங்கள் தெரிவு.

யூபிஎஸ் வந்தால் உள்ளே இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்மணி ஈயப் பற்றரி மட்டும் 2 கிலோவுக்கு மேல் வரும். அதற்கு வேறாக வாங்கும் கடை உண்டு. சரித்து வைக்க வேண்டாம், உடைத்து அமிலத்தை ஊற்றவும் வேண்டாம். யூபிஎஸ் போர்டில் கறுப்பு, நீல நிறப் பெட்டிபோல் நிற்கும் ரிலேக்களின் (மின்னால் இயங்கும் சுவிட்ச்களின்) தொடுமுனையில் வெள்ளிக் கலவை இருக்கிறது. ரிலேயை முழுதாகக் கழற்றித் தனி வாளியில் போடுங்கள். பழைய ரிலேக்களில் வெள்ளியோடு கட்மியமும் இருக்கக்கூடும் என்பதால் அந்த முனையை அரத்தால் ராவ வேண்டாம்.

மதர்போர்ட்: நிறத்தைப் பார்க்காதீர்கள்

பச்சையா, நீலமா, சிவப்பா என்பதில் ஒன்றுமில்லை, அது மேலே பூசிய மை. பார்க்க வேண்டியது பலகை எதனால் ஆனது, எந்தக் காலத்தது என்பதுதான். ஓரத்தைப் பாருங்கள்: மண்ணிறக் கடதாசி அட்டைபோல் உடைந்தால் மட்டமானது, மங்கலான கண்ணாடி நார்போல் இருந்தால் நல்லது. அதற்குப் பிறகு பிராசஸர் உட்காரும் இடமான சாக்கெட்.

பழைய போர்டுகளில் சாக்கெட் பிளாஸ்டிக், அதில் சின்னஞ்சிறு துளைகள் இருக்கும். ஊசிகள் பிராசஸரில். இன்டெல் 2004இல் எல்ஜிஏ 775 என்ற சாக்கெட்டைக் கொண்டுவந்ததும் ஊசிகள் சாக்கெட்டுக்குப் போயின, சாக்கெட்டைச் சுற்றி இரும்புச் சட்டம் வந்தது. மற்றத் தயாரிப்பாளரான ஏஎம்டி, சாதாரண டெஸ்க்டொப்களில் ஏஎம்4 சாக்கெட் வரை ஊசியைப் பிராசஸரிலேயே வைத்திருந்து, 2022இல் ஏஎம்5 உடன் மாற்றியது. துளைச் சாக்கெட் போர்டை ஒரு குவியலிலும் இரும்புச் சட்டச் சாக்கெட் போர்டை இன்னொரு குவியலிலும் வையுங்கள். சேர்வர் (நிறுவனங்களின் பெரிய கொம்பியூட்டர்) போர்ட் மூன்றாவது குவியல். இதைக் கலந்தால் மூன்றும் கடைசி விலைக்கே போகும்.

இப்போது பலரும் பிழை விடும் இடம். கையில் உளி இருக்கிறது என்பதற்காக ஐசி (கறுப்புச் சில்லு), சாக்கெட், ஸ்லொட் (கார்ட் செருகும் இடம்) எல்லாவற்றையும் தட்டி எடுத்துவிடுகிறார்கள். வாங்குபவருக்கு அது "மொட்டைப் போர்ட்", விலை சட்டென்று இறங்கும். கழற்றிய ஐசிக்குக் கிடைக்கும் காசு அந்த இறக்கத்தை ஈடுசெய்வதில்லை. எனவே மதர்போர்டிலிருந்து எடுக்க வேண்டியவை சில மட்டுமே.

பற்றரியை முதலில் எடுங்கள். நாணயம் போன்ற சிஆர்2032 லிதியம் பற்றரி, 3 வோல்ட். மீந்த மின் இருந்தால் உலோகக் குவியலில் சூடாகித் தீப்பிடிக்கும். ஒவ்வொன்றையும் ஒட்டுநாடாவால் மூடிப் பிளாஸ்டிக் போத்தலில் போடுங்கள். 386, 486 என்ற பழைய பிராசஸர்களின் காலத்துப் போர்டுகளில் குட்டிப் பீப்பாபோல் நிக்கல் கட்மியம் பற்றரி பற்றவைத்திருக்கும். அது கசிந்து பச்சைப் பூப்பிடித்துச் செப்புத் தடங்களைத் தின்றிருக்கும். கசிவு காரத்தன்மையானது, வெறும் கையால் தொட வேண்டாம். கால்களை வெட்டி எடுத்து, அந்த இடத்தை வினாகிரி தோய்த்த துணியால் துடைத்துக் காய விடுங்கள்.

அடுத்தது அலுமினிய ஹீட் சிங்க்குகள் (சூட்டை வெளியேற்றும் துடுப்புகள்), இரும்புத் தகடுகள், ஸ்குரூக்கள், பிளாஸ்டிக் பிடிகள். இவை இருந்தால் கடைக்காரர் கண்மதிப்பாக எடையைக் கழிப்பார், அவர் கழிப்பது உண்மையான எடையைவிட எப்போதும் கூட. அலுமினியத்தையும் இரும்பையும் தனியாக விற்றால் அதற்கும் காசு. ஹீட் சிங்க்கின் அடியில் செப்புத் தட்டு பதித்திருந்தால் தட்டிக் கழற்றுங்கள். ஒட்டியே இருந்தால் செம்பும் அலுமினியமும் கலந்த சாமான் என்று தனியாக வையுங்கள், அலுமினியத்தோடு போட்டால் செம்பு வீண்.

பிராசஸரை எடுக்கும்போது ஹீட் சிங்க்கை நேரே மேலே இழுக்க வேண்டாம். காய்ந்த பசை பிடித்துக்கொண்டு, துளைச் சாக்கெட்டில் பிராசஸரும் கூடவே பிடுங்கி வந்து ஊசிகள் வளைந்துவிடும். இடமும் வலமுமாகச் சிறிது முறுக்கிப் பசையை உடைத்துவிட்டுத் தூக்குங்கள். பசை கல்லாகியிருந்தால் போர்டைச் சில நிமிடம் வெயிலில் வையுங்கள்.

அவ்வளவுதான். ஐசி, ஸ்லொட், சாக்கெட், கபாசிட்டர் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

பிராசஸர்

ஊதாவோ சாம்பலோ நிறப் பீங்கான் உடல், தங்க ஊசி, சிலவற்றில் தங்க மூடி: இவை 386, 486, ஆரம்பகாலப் பென்டியம். 1995இல் வந்த பென்டியம் புரோ இவற்றில் மேலானது. பீங்கான் பிராசஸரை உடைக்கவோ ஊசியைப் பிடுங்கவோ வேண்டாம். முழுதாக இருந்தால்தான் நல்ல விலை, சேகரிப்பவர்களும் தேடுகிறார்கள். அடுத்து பச்சைப் பலகையில் ஊசி உள்ளவை, கடைசியாக ஊசியில்லாமல் தங்கப் புள்ளி மட்டும் உள்ளவை. மூன்றுக்கும் மூன்று வாளி. உதிர்ந்த ஊசிகளைத் துடைத்துத் தள்ளாமல் சிறு போத்தலில் சேர்த்து வாருங்கள்.

தொடுமுனை: வெட்டுவதா, விடுவதா

ராமிலும் கார்டுகளிலும் ஓரத்தில் வரிசையாக இருக்கும் தங்கப் பற்கள் மினுமினுப்பதால் எல்லோர் கையும் கத்திரியைத் தேடும். அந்தப் பற்களில் தங்கம் உண்மையிலேயே கூட. அடிக்கடி கழற்றிப் போடத் தாங்க வேண்டும் என்பதால் அவற்றில் கடினத் தங்கம் சுமார் 0.75 மைக்ரோன் தடிப்பில் பூசப்படுகிறது. போர்டின் மற்ற இடங்களில் மினுங்கும் தங்கம் 0.05 முதல் 0.1 மைக்ரோன்தான், கிட்டத்தட்டப் பத்தில் ஒன்று. எனவே போர்டின் நடுவில் மஞ்சளாகத் தெரியும் இடங்களைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

ராமின் பற்களை வெட்ட வேண்டாம். ராம் முழுதாக வாங்கப்படும் சாமான். மிகப் பழைய சில ராம்களில் பற்கள் வெள்ளியாக மினுங்கும், அது வெள்ளி அல்ல, ஈயத்தகரப் பூச்சு. அவற்றைத் தனியாக வையுங்கள்.

கார்டுகளில் கணக்குப் போட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். உதாரணத்துக்கு, வெட்டாத கார்ட் கிலோ 100 ரூபா என்று வைத்துக்கொள்வோம், வெட்டிய பல் கிலோ 1,200 ரூபா, பல் போன மீதி கிலோ 70 ரூபா. (இவை கணக்குக்கான எண்கள், சந்தை விலை அல்ல.) 10 கிலோ கார்டில் பல் 400 கிராம் வருகிறது. வெட்டாமல் விற்றால் 1,000. வெட்டினால் பல்லுக்கு 480, மீதி 9.6 கிலோவுக்கு 672, மொத்தம் 1,152. இரண்டு மணித்தியால வேலைக்கு 152 ரூபா. அதே கடையில் மீதிக்கு 70க்குப் பதில் 50தான் கொடுப்பார் என்றால் மொத்தம் 960, வேலையும் செய்து நட்டமும் பட்டாயிற்று. ஆகவே வெட்டுவதற்கு முன் மூன்று விலையையும் கேளுங்கள்: வெட்டாதது, பல், மீதி.

வெட்டுவதென்றால் தங்கம் முடியும் இடத்திலிருந்து 3 மில்லிமீற்றருக்குள் வெட்டுங்கள். பச்சை நிறம் அகலமாகத் தெரிந்தால் தரம் இறங்கும். கத்திரியில் வெட்டும்போது துண்டு பறக்கும், வாளிக்குள் கையை இறக்கி வெட்டினால் தேடும் வேலை இல்லை. கிரைண்டர் வேண்டவே வேண்டாம். தூளாகப் போவதில் தங்கமும் போகிறது, கண்ணாடி நாரும் ஈயமும் நெஞ்சுக்குள் போகின்றன.

டன்டலமும் பல்லேடியமும்

மதர்போர்டுக்குச் சொன்ன "தொடாதே" விதி மற்றக் குப்பைப் போர்டுகளுக்கு அப்படியே பொருந்தாது. ஏற்கெனவே மட்டமான விலைக்குப் போகும் போர்ட், உடைந்த போர்ட், பழைய தொலைத்தொடர்புப் போர்ட் ஆகியவற்றில் டன்டலம் என்ற விலையுள்ள உலோகம் கொண்ட கபாசிட்டர் நிறைய இருந்தால் எடுப்பது இலாபம். மஞ்சள் அல்லது கறுப்பு நிறச் சிறு செங்கல்போல் இருக்கும், ஒரு நுனியில் கோடு. 100 மைக்ரோபரட் (கபாசிட்டரின் கொள்ளளவு அலகு) என்றால் மேலே 107 என்று அச்சிட்டிருக்கும், 226 என்றால் 22. அதே உருவில் டயோடும் பியூஸும் இருப்பதால் குழப்பம் வரும். பலகையில் பக்கத்தில் அச்சிட்ட ஆங்கில எழுத்தைப் பாருங்கள்: சி என்றால் கபாசிட்டர், டி டயோட், எஃப் பியூஸ், எல் சுருள். டன்டலத்தில் கோடு நேர்முனையைக் காட்டும். டயோடில் அது எதிர்முனை.

உளியைப் பலகையோடு படுக்க வைத்து, பக்கவாட்டில் ஒரு தட்டு. குளிராகவே கழன்றுவரும். சூடாக்கிக் கழற்ற வேண்டாம். மின் ஏற்றி "வேலை செய்கிறதா" என்றும் பார்க்க வேண்டாம், முனை மாறினால் தீப்பற்றும்.

மிகச் சிறிய மண்ணிற, சாம்பல் நிறப் பீங்கான் கபாசிட்டர்களில் பல்லேடியம் என்ற விலையுயர்ந்த உலோகம் இருக்கிறது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பழையவற்றில் உண்மை. பல்லேடியம் விலை ஏறியதால் 1990களின் பிற்பகுதியிலிருந்து தயாரிப்பாளர்கள் உள்ளே நிக்கலுக்கு மாறிவிட்டார்கள். காந்தத்தை அருகே கொண்டுபோனதும் துள்ளி ஒட்டினால் நிக்கல். ஆனால் பல்லேடிய வகையிலும் இரு நுனியில் நிக்கல் பூச்சு இருக்கக்கூடும், ஆகவே இலேசாக அசைந்தால் மட்டும் அதை ஒதுக்கிவிடாதீர்கள். 2000க்குப் பிந்திய கொம்பியூட்டர் போர்டில் இதைத் தேடி நேரத்தைச் செலவழிப்பது வீண்.

நெருப்பும் அமிலமும்

ரொட்டிக்கல்லில் போர்டை வைத்துச் சூடாக்கி ஈயத்தை உருக்கி ஐசியை உதறுவது கண்ணால் காணும் வழக்கம். ஈயப் பற்றாசு 183 பாகை செல்சியஸில் உருகும். ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் ஈயத்தைக் கட்டுப்படுத்திய பின் வந்த, ஈயம் இல்லாத பற்றாசு 217 பாகைக்கு மேல். அடியில் நெருப்பு எரியும் கல் அந்த அளவோடு நிற்காது, பலகையே கருகத் தொடங்கும். பலகையில் தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த புரோமின் சேர்மங்கள் அப்போது டயொக்சின் வகை நஞ்சாகப் புகையோடு எழும். கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் தோட்டக் குடியிருப்புகளில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை, உங்கள் புகை அடுத்த வீட்டுத் தொட்டிலுக்குத்தான் போகும். வயரை எரிப்பதும் அப்படியே. மேலும், எரித்த செம்பு கறுத்து, உரித்த செம்பைவிடக் குறைந்த விலைக்கே போகும்.

அமிலத்தில் போட்டுத் தங்கம் எடுப்பதைப் பற்றி: ஒரு தொன் மதர்போர்டில் தங்கம் 200 கிராம் என்ற அளவை ஒட்டியது. ஒரு கிலோவுக்கு 0.2 கிராம். எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு செம்பு, அமிலம் முதலில் அந்தச் செம்பைத்தான் தின்னும். ஐசியின் கறுப்புப் பிசினுக்குள் மயிரிழையாக இருக்கும் தங்கக் கம்பியை அது எட்டாது. வெளிவரும் செந்நிறப் புகை நைதரசனீரொட்சைட். சுவாசித்த உடனே பெரிதாக ஒன்றும் தெரியாது, பல மணித்தியாலம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து ஆள் சாகலாம். மீந்த பச்சைத் தண்ணீரை ஊற்ற இடம் கானைத் தவிர வேறில்லை. தயவுசெய்து இதைத் தொடாதீர்கள். வெளிநாட்டு உருக்காலைகள் ஒரே உலையில் செம்பு, தங்கம், வெள்ளி, பல்லேடியம் எல்லாவற்றையும் எடுக்கின்றன. அதனால்தான் முழுப் போர்டுக்கு அவர்களால் நல்ல விலை கொடுக்க முடிகிறது.

வேலை செய்யும் இடத்தில் சாப்பாடு, தேநீர் கூடாது. பிள்ளைகள் அண்டக் கூடாது. தும்புத்தடியால் கூட்டினால் ஈயத் தூசி எழும்பும், ஈரத் துணியால் துடையுங்கள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, வேலை உடுப்பை வேறாகத் துவையுங்கள்.

வைப்பதும் விற்பதும்

கடல் காற்றும் மழையும் சேர்ந்த ஊர் இது. போர்டைத் தரையில் வைத்தால் இரண்டே மாதத்தில் பச்சை பிடிக்கும். மரப் பலகைமேல் ஏற்றி, வாளி மூடியோடு வையுங்கள். வெற்றுக் கேசிங்குகளை வெளியே போட்டால் மழைநீர் தேங்கி டெங்கு நுளம்பு முட்டையிடும். 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வழக்குப் போடலாம். கேசிங்கை வந்த அன்றே தட்டையாக்கி இரும்போடு அனுப்பிவிடுங்கள்.

இலத்திரனியல் கழிவைச் சேகரிக்க, களஞ்சியப்படுத்த, கொண்டுசெல்ல, மீளெடுக்க மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் தேவை. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2008இல் வந்த வர்த்தமானி அப்படிச் சொல்கிறது. தொழிலாகவே செய்வதென்றால் பத்தரமுல்லையில் உள்ள அதன் தலைமையகத்தில் விசாரித்து முறையாகத் தொடங்குங்கள். யாருக்கு விற்கிறீர்களோ அவரிடமும் அனுமதிப்பத்திரத்தைக் கேளுங்கள். ஆபத்தான கழிவுகள் எல்லை தாண்டுவதைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையான பாசல் சமவாயத்தில் 2025 ஜனவரி 1 முதல் வந்த மாற்றத்தின்படி, எந்த இலத்திரனியல் கழிவும் இறக்குமதி செய்யும் நாட்டின் முன்சம்மதம் இல்லாமல் எல்லை தாண்ட முடியாது. அனுமதி இல்லாத ஏற்றுமதியாளரின் சாமான் தேங்கினால் உங்களுக்கு வர வேண்டிய காசும் தேங்கும்.

விற்கும் நாளில் மூன்று இடத்தில் விலை கேளுங்கள், மூன்றும் ஒரே நாளில். தங்கமும் செம்பும் உலகச் சந்தையில் ஏறி இறங்குவதால் போன வார விலையோடு ஒப்பிடுவதில் பயனில்லை. ஒவ்வொரு வாளியையும் வீட்டிலேயே நிறுத்து, வகையையும் எடையையும் துண்டில் எழுதி உள்ளே போடுங்கள். கடைத் தராசில் சந்தேகம் வந்தால் பிரிக்காத 1 கிலோ சீனிப் பைக்கற்று ஒன்றைக் கையோடு கொண்டுபோய் முதலில் அதை வைத்துப் பாருங்கள். கோபித்துக்கொள்ளாத கடைக்காரரிடம் அடுத்த தடவையும் போங்கள்.